எந்தக் களையைக் கூட்டெருவில் போடலாம்?

பெரும்பாலான களைகளைத் தயங்காமல் போடலாம். களையோடு சேர்ந்து உள்ளே போகிற விதைக்கும் கிழங்குக்கும்தான் பயப்பட வேண்டும். இதைப் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் மாரி முடிய வளவில் முழங்கால் உயரத்துக்கு நிற்கும் பச்சையில் முக்கால்வாசி பசளையாகிவிடும். தெரியாவிட்டால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். ஒன்றில் எல்லாவற்றையும் வேலியோரம் கூட்டி எரிப்போம், இல்லையென்றால் எல்லாவற்றையும் கூட்டெருக் கும்பியில் கொட்டிவிட்டு அடுத்த போகத்தில் கத்தரிப் பாத்திக்குள் நாங்களே களையை விதைப்போம்.

யாழ்ப்பாணத்துக்கு வருகிற மழையில் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். முதல் மழை விழுந்த சில நாட்களிலேயே கால் வைக்கும் இடமெல்லாம் சாறணை, குப்பைமேனி, குப்பைக்கீரை, தும்பை, நாய்வேளை என்று முளைத்துவிடும். பலர் தைப்பொங்கலுக்கு முற்றம் துப்புரவாக்கும்போதுதான் இவற்றை உழவாரம் கொண்டு செருக்கி ஒதுக்குவார்கள். பசளைக் கண்ணோடு பார்த்தால் அது பிந்தின காலம். கார்த்திகையில் பிடுங்கினால் வெறும் பச்சை இலை. தையில் பிடுங்கினால் விதை மூட்டை.

இவ்வளவு கவனம் இதற்குத் தேவையா என்றால், எங்கள் மண்ணுக்குத் தேவைதான். வலிகாமத்துச் செம்மண் பார்வைக்குச் செழிப்பாக இருந்தாலும் சேதனப் பொருள் அதில் நீண்ட காலம் தங்காது. சூட்டில் வேகமாக உக்கிப் போய்விடும். அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல், ஆகையால் மேலே கரைவதெல்லாம் மழைநீரோடு நிலத்தடி நீருக்குப் போய்ச் சேரும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வலிகாமத்தில் பல கிணறுகள் அதைத் தாண்டி நிற்கின்றன. தோட்டத்துக்கு அள்ளிப் போட்ட யூரியாவுக்கும் மலசலகூடக் குழிகளுக்கும் அதில் பங்கு உண்டு. முன்னைய தலைமுறை பூவரசங் குழையும் காவிளாயும் பனையோலையும் தோட்டத்தில் தாழ்த்தியது இந்த மண்ணின் குணம் தெரிந்துதான். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் திடீரென்று தடை வந்தபோது நாடு முழுக்க கூட்டெருவைத் தேடி அலைந்தது. அதே ஆண்டு நவம்பரில் தடை போய்விட்டது. மண்ணுக்குச் சேதனப் பொருள் வேண்டும் என்ற நிலை மட்டும் அப்படியே இருக்கிறது. வளவில் தானாக முளைக்கும் பச்சையை எரித்துவிட்டுக் காசுக்கு எருப் பை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

உங்கள் கும்பி சூடாகிறதா?

எந்தக் களை பாதுகாப்பு என்பதற்கான விடை, அதைப் போடும் கும்பியைப் பொறுத்தும் மாறும். பச்சை, சருகு, ஈரம், காற்று நான்கும் சேருமிடத்தில் பற்றீரியாக்கள் பெருகித் தின்னத் தொடங்கும். அந்த வேலையில் சூடு பிறக்கும். கும்பி சிறிதாக இருந்தால் சூடு தங்காமல் வெளியே போய்விடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீற்றருக்குக் குறையாமல் ஒரே மூச்சில் கட்டினால், சில நாட்களில் நடுப்பகுதி 55 பாகை செல்சியசைத் தாண்டும். அந்தச் சூடு குறைந்தது மூன்று நாள் நின்று பிடித்தால் அதற்குள் அகப்பட்ட களை விதைகளில் பெரும்பாலானவை செத்துவிடும். 60 பாகையைத் தாண்டினால் இன்னும் நிச்சயம். 70 பாகைக்கு மேல் போனால் உக்கவைக்கும் உயிர்களே சாகத் தொடங்கும். அப்போது கும்பியைக் கிளறி ஆறவிட வேண்டும்.

வெப்பமானி தேவையில்லை. ஒரு இரும்புக் கம்பியைக் கும்பியின் நடுவரை குத்தி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு உருவிப் பாருங்கள். நுனியைக் கையில் பிடித்திருக்க முடியாமல் சுட்டால் கும்பி வேலை செய்கிறது. இளஞ்சூடாக இருந்தால் விதைகள் உள்ளே சுகமாக இருக்கின்றன.

நடுவில் எவ்வளவு சூடேறினாலும் வெளிப்புறத்து ஒரு சாண் அளவு ஆறியேதான் கிடக்கும். அங்கே உள்ள விதைக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே வெளியே கிடப்பது உள்ளே போகும்படி புரட்டிப் போட வேண்டும், ஒருமுறை புரட்டினால் போதாது. கழிவுச் சேற்றைத் திறந்த வரிசைக் கும்பிகளில் கூட்டெருவாக்குவோருக்கு அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் விதி, 55 பாகைக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் ஐந்து முறை புரட்டல். வீட்டில் அவ்வளவு இறுக்கம் வேண்டியதில்லை என்றாலும், நிபுணர்களே புரட்டுவதை எவ்வளவு முக்கியமாக எடுத்திருக்கிறார்கள் என்று இதில் தெரிகிறது.

எங்கள் வீடுகளில் இருப்பவை அநேகமாக ஆறின கும்பிகள். குசினிக் கழிவு தினமும் ஒரு சட்டி, கூட்டிய சருகு கிழமைக்கு ஒரு கடகம் என்று சிறிது சிறிதாகச் சேரும் கிடங்கோ, பிளாஸ்ரிக் கொள்கலனோ ஒருநாளும் 55 பாகையைக் காணாது. அதனால் குறை ஒன்றும் இல்லை, உக்கத்தான் செய்யும், ஆறு மாதம் எட்டு மாதம் எடுக்கும். ஆனால் அப்படியான கும்பி விதையையும் கிழங்கையும் கொல்லாது. உங்களுடையது அந்த வகை என்றால் களையை உள்ளே போடுமுன்பே பிரித்துவிட வேண்டும்.

கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய இரண்டு கேள்வி

களையின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இதில் விதை பிடித்திருக்கிறதா? இதன் வேரோ தண்டோ ஒரு துண்டு கிடந்தால் மீண்டும் துளிர்க்குமா? இரண்டுக்கும் இல்லை என்றால் நேரே கும்பிக்குப் போகலாம்.

குப்பைமேனி, தும்பை, நாய்வேளை, வெட்டுக்காயப்பூண்டு, குப்பைக்கீரை, நாயுருவி எல்லாம் பூக்குமுன் இந்த வகைதான். வேரில் மண்ணை நன்றாக உதறிவிட்டுப் போடுங்கள். வேரோடு ஒட்டிவரும் செம்மண் கும்பியைக் கட்டிபடச் செய்து காற்றைத் தடுக்கும், தோட்டத்து நல்ல மண்ணும் வீணாகும். குப்பைக்கீரையும் சாறணையும் இளசாக இருந்தால் கும்பிக்கு முன் சட்டிக்குப் போகட்டும் என்பது என் விருப்பம், கடைசியில் முற்றிய தண்டு மட்டும் எருவுக்கு வந்தால் போதும்.

பூத்தது எது, பூக்காதது எது என்பதில் சில செடிகள் ஏமாற்றும். கீழ்க்காய்நெல்லியை மேலிருந்து பார்த்தால் இலை மட்டும்தான். ஒரு சாண் கூட உயராத செடியைப் பிடுங்கி இலைக்காம்பைத் திருப்பினால், அடியில் கடுகளவு பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றிலும் விதை இருக்கும். அம்மான் பச்சரிசியும் அப்படித்தான், கணுவுக்குக் கணு கொத்தாக விதை வைத்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் படுத்திருக்கும். கானாவாழை இன்னும் ஒரு படி மேல். மேலே நீலப்பூப் பூப்பதோடு நிலத்துக்குக் கீழும் வெளிறிய பூ வைத்து, விரியாமலேயே விதை கட்டும். அதனால் கானாவாழையில் பூ இல்லை என்று நினைத்து வேரோடு கும்பியில் போட வேண்டாம்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பூத்த களையைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் அதோடு கதை முடிந்தது என்று எண்ணுகிறோம். தண்டில் மிச்சமிருக்கும் நீரைக் கொண்டு சில செடிகள் விதையை முற்றவைத்துவிடும். சாறணைபோல் தண்டில் சாறு நிறைந்தவை பல நாள் வாடாமல் கிடக்கும். எனவே பூ விரிந்ததையும் விதை பிடித்ததாகவே கணக்கெடுங்கள்.

விதை பிடித்த களைக்கு என்ன வழி?

வெயிலில் காயவைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். விதைக்கு அது சரிவராது. கத்தரி விதையை நாங்கள் எப்படிப் பாதுகாக்கிறோம்? காயவைத்துத்தான். களை விதையும் உலர்ந்தால் இன்னும் உறுதியாகும், வருடக்கணக்கில் காத்திருக்கும். காய்தல் வேருக்கும் கிழங்குக்கும் எமன். விதைக்கு எமன் ஈரத்தோடு கூடிய சூடு.

சூடேறும் கும்பி இருந்தால் விதை பிடித்த களையை அதன் நடுவில் வைத்து மேலும் கீழும் பச்சையும் எருவும் போட்டு மூடலாம். அப்படிக் கும்பி இல்லாதவர்களுக்கு எங்கள் வெயிலே பாதி வேலையைச் செய்துதரும். பங்குனி சித்திரையில், தடித்த பொலித்தீன் பைக்குள் களையை நெருக்கி அடைத்து, ஒரு செம்பு தண்ணீர் தெளித்து, வாயை இறுகக் கட்டிச் சீமெந்துத் தரையில் முழு வெயில் படும் இடத்தில் போட்டுவிடுங்கள். ஒளி ஊடுருவும் பை கறுப்புப் பையைவிட உள்ளே கூடச் சூடேறும். ஒரு மாதம் போல் கிடந்து கறுத்துக் கூழான பின் கும்பியில் கொட்டலாம். களையைப் பிடுங்கிய அன்றே பையில் நிரப்பி அன்றே கட்டுங்கள். காய்ந்த களையைப் போட்டால் இந்த வேலை நடக்காது.

மற்ற வழி ஊறவைத்தல். மூடியுள்ள பரலில் களையைப் போட்டு, மேலே கல் வைத்து அமிழ்த்தி, தண்ணீர் நிரப்பி ஆறு எட்டுக் கிழமை விட்டால் தண்டும் கிழங்கும் அழுகிவிடும். மெல்லிய தோல் விதைகளில் பெரும்பகுதியும் போய்விடும். மணம் தாங்க முடியாது, ஆகவே வீட்டுப் பக்கம் வேண்டாம். நுளம்பு பெருகாமல் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். வடித்த நீரைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து வாழைக்கு விடலாம். கிணற்றடியில் மட்டும் ஊற்ற வேண்டாம். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றியது கிணற்றுக்குள் இறங்க அதிக நேரம் எடுக்காது.

தகரை, காவிளாய், தொட்டாற்சுருங்கி போன்ற அவரைக் குடும்பத்துச் செடிகளின் விதைத் தோல் மிகக் கடினமானது. சூட்டையும் ஊறலையும் தாண்டி நிற்கும். இவை காய்க்குமுன் இலைக்காகவே வெட்டப்பட வேண்டியவை, நைதரசன் நிறைந்த நல்ல பச்சை. காய்த்துவிட்டால் நெற்றை மட்டும் கிள்ளி ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் போடுங்கள். நெருஞ்சியில் முள்ளே காய்தான். அது உக்காது, பிறகு எருவைக் கையால் அள்ளும்போது குத்தும். காய்த்த நெருஞ்சிக்குக் கும்பியில் இடமே கொடுக்க வேண்டாம்.

கோரையும் அறுகும்

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரை அதிகம் வாட்டுவது கோரைதான். உலகத்திலேயே மிக மோசமான களை என்று களையியல் அறிஞர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். வெங்காயப் பாத்தியில் கோரையை இழுத்துப் பாருங்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம், கையில் வருவது இலையும் அடியில் ஒரு சிறு குமிழும். மண்ணை விலக்கினால் அந்தக் குமிழிலிருந்து கம்பியளவு வேர்த்தண்டு ஒன்று பக்கவாட்டில் ஓடி ஒரு கிழங்கில் முடியும். அங்கிருந்து இன்னொன்று புறப்பட்டு அடுத்த கிழங்குக்குப் போகும். வெளியே கறுப்பு நார் போர்த்தி, உடைத்தால் உள்ளே வெள்ளையாய், கடும் மணத்தோடு இருக்கும் கிழங்குகள் அவை. இழுத்தபோது அறுந்து கேட்ட அந்தச் சத்தம், கீழே இருந்த கிழங்குகளுக்கு இனி நீங்களே முளைக்கலாம் என்று அனுமதி கொடுத்த சத்தம். சங்கிலியாக இருக்கும்வரை முன்னால் நிற்கும் செடி பின்னால் உள்ள கிழங்குகளின் முளையை அடக்கி வைத்திருக்கும். அறுந்ததும் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் துளிர்க்கும்.

ஆகவே கோரையை இழுக்காமல் மண்வெட்டியால் ஆழக் கொத்திக் கிளப்ப வேண்டும். கிழங்கில் பெரும்பகுதி மேல் 15 சென்ரிமீற்றருக்குள் இருக்கும், சில ஒரு அடிவரையும் போகும். இலையை வெட்டினால் அதை அப்படியே கும்பியில் போடலாம், பயம் இல்லை. கிழங்கைப் போடக்கூடாது. ஆறின கும்பி கோரைக் கிழங்குக்கு நிழலும் ஈரமும் சோறும் போட்டு வளர்க்கும் வீடு. அந்த எருவை ஒரு பாத்திக்குப் போட்டால் அந்தப் பாத்தியில் கோரை நட்டதற்குச் சமம்.

‘உதை எரிச்சால்தான் சாகும்’ என்று சொல்வோர் உண்டு. எரிக்க வேண்டிய தேவை இல்லை. கோரைக் கிழங்கு ஈரத்தை இழந்தால் செத்துவிடும். இந்த ஊர் வெயில் அதைச் செய்யும். கிளப்பிய கிழங்குகளை மண் உதறித் தகரத்திலோ சீமெந்துத் தரையிலோ ஒன்றின்மேல் ஒன்று கிடக்காமல் பரப்புங்கள். மண் நிலத்தில் பரப்பினால் இரவு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மழை தூறினால் மூடுங்கள். நல்ல கோடை வெயிலில் இரண்டு கிழமை கிடந்தபின் சிலவற்றை உடைத்துப் பாருங்கள். உள்ளே இன்னும் வெள்ளையாய், நகம் இறங்குகிற மாதிரி இருந்தால் உயிர் இருக்கிறது. சுருங்கிக் கபில நிறமாய்க் கல்போல இறுகியிருந்தால் கும்பிக்குப் போகலாம். கோரையோடு போராடுவதென்றால் கோடையில்தான் போராட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். மாரியில் கொத்திப் போட்டால் கிழங்கு காயாது, கொத்தியதால் பெருகும்.

அறுகுக்கும் இதே மருந்து. அதன் தண்டு நிலத்துக்கு மேலும் கீழும் ஓடும். ஒவ்வொரு கணுவிலும் வேரும் முளையும் உண்டு. பச்சையாக வெட்டித் தூவினால் அத்தனை துண்டும் நாற்று. நொறுங்கும்வரை காயவைத்தால் அத்தனையும் நல்ல சருகு. பிரண்டைக்குப் பொறுமை வேண்டும், தண்டில் தண்ணீரைச் சேமிக்கும் கொடி என்பதால் வேலியில் தொங்கவிட்ட துண்டுகூட மாதக்கணக்கில் பச்சையாக இருந்து மழையில் துளிர்க்கும். கானாவாழைத் தண்டுக்கும் கிட்டத்தட்ட இதே பிடிவாதம். இவை இரண்டையும் பரலில் ஊறவைப்பதே சுருக்கமான வழி.

பார்த்தீனியம்

இதற்கென்று தனியாகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெக்சிக்கோவையும் அதை அண்டிய அமெரிக்க நிலங்களையும் சேர்ந்த இந்தச் செடி, 1987 இற்குப் பின் இந்திய அமைதிப்படைக்கு உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு வந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. எப்படி வந்திருந்தாலும் யுத்தத்தால் கைவிடப்பட்டுக் கிடந்த காணிகள் அதற்கு வாய்த்துவிட்டன. இலங்கையில் இது ஒழிக்கப்பட வேண்டிய களையாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் மகரந்தமும் இலைமயிரும் பலருக்குத் தோல் அழற்சியையும் மூச்சு முட்டலையும் கொண்டுவரும். ஆடு மாடு தின்றாலும் நல்லதல்ல.

இளம் செடி நிலத்தோடு படிந்து, கரட் இலையைப் போலப் பிளவுபட்ட இலைகளை வட்டமாக விரித்திருக்கும். அந்தப் பருவத்தில் கையுறை போட்டு வேரோடு கிளப்பினால் கூட்டெருவில் போடலாம். அதில் உள்ள, மற்றப் பயிரின் முளைப்பைத் தடுக்கும் பொருள் உக்கும்போது சிதைந்துவிடும், ஆனால் அரைகுறையாக உக்கிய எருவை நாற்றுமேடைக்குப் போட வேண்டாம். உயர்ந்து கிளைவிட்டு வெள்ளைப் பூ வந்துவிட்டால் பேச்சே வேறு. ஒவ்வொரு சிறு பூவும் ஐந்து விதை தரும். நன்கு வளர்ந்த ஒரு செடி பல்லாயிரம் விதை கொட்டும். காற்றிலும், மழை வெள்ளத்திலும், சைக்கிள் ரயர் சேற்றிலும் போகும் அளவுக்கு அவை சிறியவை. பூத்த பார்த்தீனியத்தை எவ்வளவு சூடான கும்பியிலும் போடாதீர்கள், இன்னொரு இடத்துக்குக் காவவும் வேண்டாம். நின்ற இடத்திலேயே பையில் போட்டுக் கட்டி, முழங்கால் ஆழத்துக்குக் குறையாத கிடங்கில் புதைத்து, பிறகு அந்த இடத்தைக் கிளறாமல் விடுங்கள். இரண்டு அங்குலத்துக்குக் கீழே போன விதையால் மேலே வர முடியாது. வளவில் இது பரவலாகக் கண்டால் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்திலோ விவசாயப் போதனாசிரியரிடமோ சொல்லுங்கள். ஒரு வளவு மட்டும் துப்புரவாக இருந்து பயனில்லை.

நஞ்சு என்று ஒதுக்குபவை

எருக்கலை, ஊமத்தை, அரளி என்றால் கும்பிக்கே நஞ்சு ஏறிவிடும் என்று ஒரு பயம் உண்டு. அந்த நஞ்சுகள் சேதனப் பொருட்கள். நன்றாக உக்கிய எருவில் மிஞ்சாது. எருக்கலங் குழை காலங்காலமாக வயலுக்குத் தாழ்த்தப்பட்டது, குழையாகவும் எருவாகவும் அது மிக நல்லது. கவனம் வேண்டியது வெட்டும்போதுதான். எருக்கலம் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளை அந்த வேலைக்கு விடாதீர்கள். ஊமத்தங் காயையும் ஆமணக்கு விதையையும் மட்டும் எடுத்துவிட வேண்டும்.

நான் உண்மையிலேயே பயப்படும் நஞ்சு கடையில் வாங்குவது. களைநாசினி அடித்த களையைக் கும்பியில் போட வேண்டாம். கிளைபோசேற்றுக்கு 2015 இல் வந்த தடை 2022 இல் நீக்கப்பட்டபின் அது மீண்டும் புழக்கத்தில் உள்ளது. அது உக்கும்போது மெல்லச் சிதையும் வகை. ஆனால் அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும் சில களைநாசினிகள் கூட்டெரு ஆன பின்னும் மிஞ்சி நின்று தக்காளி, மிளகாய், பயற்றைக் கன்றுகளின் இலையைச் சுருட்டிவிடும். எது அடித்தது என்று தெரியாத பக்கத்துக் காணிப் புல்லை, இலவசம் என்பதற்காகக் கொண்டுவர வேண்டாம்.

வேரில் முடிச்சு முடிச்சாகத் தடித்திருக்கும் களையைக் கண்டால் அது வட்டப்புழுவின் வேலையாக இருக்கலாம். தக்காளிக்கும் கத்தரிக்கும் அதே புழுதான் வரும். அந்த வேரை வெட்டி வெயிலில் நொறுங்கக் காயவைத்த பின் போடுங்கள். (காவிளாய், தொட்டாற்சுருங்கி வேரில் உள்ள சிறு முடிச்சுகள் வேறு, அவை நைதரசன் சேர்க்கும் பற்றீரியாவின் வீடு. விரலால் தட்டினால் கழன்றுவிடும். புழு முடிச்சோ வேரே வீங்கியதுபோல இருக்கும், கழலாது.)

குளங்களில் ஊதாப்பூவோடு மிதக்கும் ஆகாயத்தாமரையும் அருமையான பச்சைதான். 1905 இல் அழகுக்காக இலங்கைக்கு வந்து நாட்டையே சுற்றிவிட்டது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் கரையிலேயே வாடவிட்டுப் பிறகு ஏற்றுங்கள், பாரமும் குறையும், மீண்டும் துளிர்க்கவும் மாட்டாது. நகரத்துக் கழிவுநீர் சேரும் குளத்தில் எடுத்தது என்றால் பூமரத்துக்கு மட்டும் போடுங்கள். அந்தச் செடி நீரிலுள்ள பார உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

கும்பியைக் கட்டும்போது

களை மட்டும் குவித்தால் இரண்டே நாளில் சளசளத்து நாறும். பச்சைக் களையில் நைதரசன் கூட. உக்குவதற்கு ஏற்ற அளவு காபன் 25 முதல் 30 பங்குக்கு நைதரசன் ஒரு பங்கு. அதை எடுத்துக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு கடகம் பச்சைக் களைக்கு இரண்டு கடகம் சருகு என்று போட்டால் ஏறக்குறைய வந்துவிடும். மாவிலை, பலாவிலை, காய்ந்த வாழைத்தடல், துண்டாக்கிய பனையோலை, தும்பு எதுவும் ஆகும், பனையோலை மட்டும் மெதுவாகத்தான் உக்கும். இடையிடையே மாட்டெரு ஒரு படை. ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், ஒழுகக்கூடாது. கோடையில் காய்ந்துபோகும், தண்ணீர் தெளியுங்கள். மாரியில் கிடுகாலோ பொலித்தீனாலோ மேலே மூடுங்கள், இல்லாவிட்டால் சத்து முழுக்க மழையோடு போய்விடும்.

மாட்டெரு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இவ்வளவு கவனமாகக் களையைப் பிரித்துப் போட்டும் எருவில் புதுப்புதுக் களை முளைக்கிறது என்றால் பெரும்பாலும் அது எருவோடு வந்தது. மேய்ச்சல் மாடு தின்ற புல்லின் விதையில் ஒரு பகுதி வயிற்றைத் தாண்டி உயிரோடு வெளியே வரும். வன்னியிலிருந்து லொறியில் வரும் எருவோடு வன்னிக் களையும் வரும். ஆகவே வாங்கிய எருவைப் பச்சையாகப் பாத்திக்குப் போடாமல் கும்பியின் நடுப்படையில் வைத்துச் சூடேறவிடுங்கள். ஆட்டெருவுக்கும் இதுவே.

எரு தயாரானபின் தோட்டத்துக்குப் போடுமுன் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். கும்பியின் நடுவிலிருந்தும் ஓரத்திலிருந்தும் அள்ளி ஒரு தட்டையான பாத்திரத்தில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, ஈரமாக்கி, வெளிச்சமுள்ள இடத்தில் இரண்டு கிழமை வையுங்கள். ஒன்றிரண்டு முளைத்தால் பிடுங்கிவிட்டு எருவைப் பயன்படுத்தலாம். திட்டாக முளைத்தால் அந்தக் கும்பியை வெங்காயம், கரட், கீரைப் பாத்திக்குக் கொண்டுபோகாதீர்கள். கையால் களை பிடுங்கியே அந்தப் போகம் முடிந்துவிடும். அதைத் தென்னை, வாழை, மாமரக் கிடங்குகளில் ஒரு அடி ஆழத்தில் போட்டு மேலே மண்ணும் சருகும் மூடினால் விதை வெளிச்சம் காணாது, சத்து வேருக்குப் போய்ச் சேரும். முளைத்தவற்றில் கோரை ஒன்றாவது தலைகாட்டினால் அந்த எருவைச் சல்லடையில் அரித்து, கிழங்கைப் பொறுக்கித் தகரத்தில் போட்ட பிறகே எந்தக் கிடங்குக்கும் போடுங்கள்.